நத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். போன வாரம் வேலை செய்யும் இடத்தில் பெரிய கூட்டம். சுவரில் வெள்ளை விரிப்பு கட்டிப் படம் காட்டினார்கள். யார் யாரோ வந்தார்கள், போனார்கள். திடீரென்று என் போட்டோ. எவ்வளவு பெரிசு தெரியுமா? மூக்கே ஒரு தலையணை அளவு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, படபடவென்று கை தட்டிவிட்டேன். கூட ஒருத்தரும் தட்டவில்லை. பொறாமை பிடித்ததுகள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினேன். பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்து மடியில் அழுத்திய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அது வேலையில் கடைசியாக இருப்பவர்களின் படமாம். மற்றவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்திருக்கிறார்கள். நான் ஒருத்தி மட்டும் எனக்கு நானே வரவேற்பு கொடுத்திருக்கிறேன். பின்வரிசை, மைக்கும் சரியில்லை. அதனால் வந்த வினை. சிரித்தாயா? நன்றாகச் சிரி. உன் மூஞ்சி சிரித்து ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

நாங்கள் இங்கே நலம். உன் அத்தானுக்கு இருமல் மட்டும் வீட்டு ஆள் மாதிரி கூடவே இருக்கிறது. உனக்கும் உன் வீட்டம்மாவுக்கும் குட்டிக்கும் உடம்பு எப்படி?

நான் எப்படிக் கடைசியாக ஆனேன் என்று நீ கேட்பாய். எங்கள் சலவைக்கூடத்து வேலை உனக்குத் தெரிந்ததுதான். ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்பு உருளை மெஷினிலிருந்து சுடச்சுட வெளியே வரும். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பிடித்து, ஒரே சமயத்தில் மடிக்க வேண்டும். ஒருத்தி முந்தினால் கோணல். ஒருத்தி பிந்தினால் விரிப்பு தரையில். தரையில் விழுந்தது மறுபடி தண்ணீருக்குப் போகும். எனக்கு எதிர்ப்பக்கம் இத்தனை வருஷமாக நின்றது ஒட்டகம். அவள் உயரத்துக்கு நான் வைத்த பேர், அவளே இப்போது அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறாள்.

புதிதாக ஒரு மேனேஜர் வந்திருக்கிறார். அந்த நீராவியிலும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு நிற்பதால் அவர் பேர் டை. "ரெண்டு பேர் சேர்ந்து மடிச்சா, யார் வேலைக்காரி, யார் மந்தம்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். ஜோடிகளைப் பிரித்துவிட்டார். ஒட்டகத்தைப் பின்கட்டுக்கு, அழுக்குத் துணி பிரிக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டார். எனக்கு எதிரே இப்போது ஒரு சின்னப் பெண் நிற்கிறாள். நிற்கிறாள் என்று எழுதியது தப்பு, ஓடுகிறாள். அவள் பேர் ரயில்.

கடிகாரத்துக்குக் கீழே ஆளுக்கு ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். நன்றாக ஓடினால் பச்சை, நடுத்தரம் என்றால் மஞ்சள், மந்தமானால் சிவப்பு. ஜூன் வரைக்கும் சிவப்பிலேயே இருப்பவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். என்னுடையது சிவப்பு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, கல்யாண வீட்டு விளக்கு மாதிரி.

நீ சூப்பர்வைசர் ஆகிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். இனிமேல் துரை என்றுதான் கூப்பிட வேண்டும். துரைக்கு உட்கார நாற்காலி கொடுத்தார்களா?

உடம்பைப் பார்த்துக்கொள். குட்டிக்கு முத்தம்.

அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். அத்தானை வெந்நீர் மட்டும் குடிக்கச் சொல்.

கை தட்டிய கதையை இவளுக்குப் படித்துக் காட்டினேன். இவள் சிரித்தாள். நான் சிரித்துவிட்டு, அப்புறம் ஜூன் என்று எழுதியிருந்ததை மறுபடி படித்தேன். நீ விளையாட்டாக எழுதியிருக்கிறாய். விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த வேலை போனால் அத்தானுடைய இருமலோடு என்ன செய்வாய்?

நாற்காலி கொடுத்தார்கள். உட்காரத்தான் நேரமில்லை. எங்கள் பார்சல் கிடங்கில், ஒரு நாளுக்கு எத்தனை பார்சல் என்ற எண்ணிக்கையில் என் பிரிவுதான் கடைசி. சுவரோடு ஒட்டிய தட்டுகளிலிருந்து பார்சலை எடுத்து, தள்ளுவண்டியில் வைத்து, லாரி வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான் வேலை. சிலர் பறக்கிறார்கள். சிலர் நகர்வதே இல்லை. "ஏன் இப்படின்னு ஒரு அறிக்கை எழுதிக் குடுங்க. ஆளுங்க நல்லா வேலை செய்யறதுக்கு என்ன காரணம், செய்யாததுக்கு என்ன காரணம்?" என்று பெரிய சார் கேட்டிருக்கிறார். நானும் இரண்டு வாரமாகத் தலைப்பை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

மெதுவாக இருப்பவர்களில் ஒருவரை நத்தை என்று கூப்பிடுகிறார்கள். வயதானவர் இல்லை, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவருடைய எண்ணிக்கைதான் எங்கள் எல்லாரையும் கீழே இழுக்கிறது.

நீ இத்தனை வருஷம் நின்று வேலை செய்தவள். நீ சொல், ஒரு ஆள் ஏன் மெதுவாகிறான்? ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அப்போதே கேட்டிருப்பேன்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

தம்பி


பிப்ரவரி 12

என் தம்பி துரைக்கு,

முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன. உன் அத்தான் வெந்நீர் குடித்து, வெந்நீருக்கு இருமல் வந்துவிட்டது. நீங்கள் மூன்று பேரும் நலமாக இருக்க வேண்டும்.

போன் எல்லாம் எனக்கு ஒத்துவராது. போனில் நீ "ம்", "ம்" என்பதோடு சரி. கடிதம் என்றால் பாவம், முழு வாக்கியமாக எழுதியாக வேண்டும். அதனால் எழுது.

ஐந்தாவது தாண்டாதவளிடம் அறிக்கைக்கு விஷயம் கேட்கிற முதல் சூப்பர்வைசர் நீதான். கேட்டுக்கொள். எங்கள் கூடத்தில் ஒரு மின்விசிறி இருக்கிறது. அதன் காற்று படுகிற இடத்தில் நிற்பவள் எப்போதும் பச்சை. படாத இடத்தில் நிற்பவள் மஞ்சள். அவர்களை இடம் மாற்றினால் விளக்கும் மாறுகிறது. இதை டையிடம் ஒருத்தி சொன்னாள். "காரணம் சொல்லாதீங்க" என்றார். ஏன் மந்தம் என்று கேட்டதே அவர்தான். அவள் மடிக்கத் திரும்பிப் போய்விட்டாள்.

கழிப்பறைச் சாவி அலுவலகத்தில் தொங்குகிறது. ஒவ்வொரு முறையும் போய் ஒரு ஆம்பளையிடம் கேட்டு வாங்க வேண்டும். அதனால் பாதிப் பேர் தண்ணீரே குடிப்பதில்லை. மத்தியானத்துக்கு மேல் தலை சுற்றும். அப்புறம் கை எங்கே ஓடும்? இதை உன் அறிக்கையில் எந்தத் தலைப்பில் போடுவாய் என்று எனக்குத் தெரியாது.

பழைய மேனேஜர் ஒருவர் இருந்தார். வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் காலையில் வரும்போது எல்லார் முகத்தையும் பார்ப்பார். "என்னம்மா, கண்ணு வீங்கியிருக்கு?" என்பார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் செய்யமாட்டார். அவருக்காக நாங்கள் மாடு மாதிரி உழைத்தோம். ஏன் உழைத்தோம் என்று இன்றைக்கு வரைக்கும் புரியவில்லை.

உன் நத்தைக்கு வருகிறேன். நீ அவரைப் பார்த்தாயா, அவர் எண்ணிக்கையைப் பார்த்தாயா? ஒரு நாள் முழுக்க அவர் கூடவே வேலை செய். பேனாவை வீட்டில் வைத்துவிட்டுப் போ. பேனாவோடு ஒருத்தன் பின்னால் நின்றால் எனக்கு என் கையே அடுத்த வீட்டுக்காரி கை மாதிரி ஆகிவிடும்.

நத்தைக்கு என் வணக்கத்தைச் சொல். சிவப்பு விளக்குக்காரி ஒருத்தி விசாரித்தாள் என்று சொல்.

உன் வீட்டம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நீ சாப்பிடுவாய், அது தெரியும்.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்கா,

நலம். நீங்கள் இருவரும் நலமா? இந்தக் கடிதத்தை உட்கார்ந்து எழுத முடியவில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன். அவ்வளவு சந்தோஷம்.

நீ சொன்னபடி பேனா இல்லாமல் போனேன். நத்தையோடு ஒரு முழு ஷிஃப்ட். அவர் முதலில் பயந்துவிட்டார். "சார், நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டனா?" என்றார். "இல்லண்ணே, சும்மா கூட வர்றேன், பழகணும்ல" என்றேன். நம்பவில்லை. ஆனாலும் வந்தார்.

அக்கா, தள்ளுவண்டி! ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது எல்லாரும் ஓடிப்போய் நல்ல வண்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஓரத்தில் ஒரு வண்டி மிஞ்சுகிறது. அதன் முன்சக்கரம் ஒன்று சுற்றுவதில்லை, இழுபடுகிறது. இவர் ஓடிப்பிடிக்கும் ரகம் இல்லை. ஆகவே அந்த வண்டி தினமும் இவருக்கு. அதில் சுமையை ஏற்றி நான் தள்ளிப் பார்த்தேன். அது வாசலுக்குப் போகவில்லை, சுவரைப் பார்த்துப் போனது. நேராக்க ஒரு பக்கமாகத் தோளைக் கொடுத்து அழுத்த வேண்டும். பாதி நாளில் என் தோள் கழன்றுவிட்டது. அவர் இதையே வருஷக்கணக்கில் செய்திருக்கிறார்.

"ஏண்ணே சொல்லல?" என்று கேட்டேன். "யாருக்காவது இந்த வண்டி வரத்தானே சார் போகுது?" என்றார்.

அன்றைக்கே வண்டியை மாற்றிவிட்டேன். இந்த வாரம் அவர் எண்ணிக்கை நடுவில் இருப்பவர்களைத் தாண்டிவிட்டது. பையன்கள் "நத்தைக்கு ரெக்கை முளைச்சிடுச்சு" என்று கத்துகிறார்கள். அவர் சிரித்தார். சிரிக்கத் தெரியும் என்றே எனக்கு இப்போதுதான் தெரிந்தது. உன் வணக்கத்தைச் சொன்னேன். "அக்காவுக்கு என்ன சார் வண்டி?" என்று கேட்டார்.

நானும் அதையே கேட்கிறேன். உன் விளக்கு ஏன் சிவப்பு? ஒட்டகத்தை மாற்றியது மட்டும்தானா? எது சரியில்லையோ அதை உன் மேனேஜரிடம் நேராகச் சொல். சொன்னால் சரியாகும், அக்கா. நான் கண்ணால் பார்த்தேன்.

அத்தானுக்கு என் அன்பு. உன் உடம்பு முக்கியம்.

தம்பி


மார்ச் 25

என் துரைக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். ஒட்டகம் இரண்டு முறை படிக்கச் சொன்னாள். பின்கட்டிலிருந்து மூக்கில் துணி கட்டிக்கொண்டே வந்து கேட்டாள். "உன் தம்பிய இங்க மேனேஜரா போடச் சொல்லுடி" என்கிறாள். ரயில்கூட ஓடாமல் நின்று கேட்டது. எங்களுக்கெல்லாம் நத்தை இப்போது சொந்தக்காரர் மாதிரி. உன் உடம்பு நலமா? தோள்வலி போனதா? குட்டிக்குப் பல் விழுந்ததாமே, உன் வீட்டம்மா எழுதியிருந்தாள்.

எனக்கு வண்டி கிண்டி ஒன்றும் இல்லை. ரயிலோடு இன்னும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அவள் "விடு" என்று கத்துவாளாம், நான் விடுவதில்லையாம். "பிடி" என்று கத்துவாளாம், நான் பராக்குப் பார்க்கிறேனாம். போன வாரம் இரண்டு விரிப்பு தரையில் விழுந்தது. அவள் வாய் மட்டும் மீன் மாதிரி திறந்து திறந்து மூடியது. பாவம், அவள் விளக்கும் என்னால் மஞ்சளாகிவிட்டது. அழுதாள். நான் ஜோக்கு சொன்னேன், இன்னும் அழுதாள். என் ஜோக்குக்குக் கூட வயதாகிவிட்டது.

களைப்பாக இருக்கிறது தம்பி. வேலையால் இல்லை. வேலை அதே வேலைதான். தலைக்கு மேல் சிவப்பாக ஒன்று எரிந்துகொண்டே இருந்தால், நிமிர்ந்து பார்க்காவிட்டாலும் பிடரியில் சுடுகிறது.

நத்தை எப்படி இருக்கிறார்? ரெக்கை இன்னும் இருக்கிறதா? என் வணக்கத்தைச் சொல்.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கு நலம். வேலை அதிகம். குட்டிக்கு அடுத்த பல்லும் ஆடுகிறது.

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். அத்தான் எடுத்தார். "உங்கக்கா இங்கதான், பக்கத்துலதான் உக்காந்து வெங்காயம் உரிக்கிறா. பாரு, கூப்பிடறேன், கூப்பிடறேன், திரும்பிக்கூட பாக்கல" என்றார். கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அக்கா, உனக்குக் காது கேட்கிறதா?

தம்பி


மே 14

தம்பிக்கு,

நீ சூப்பர்வைசர்தான், சந்தேகமே இல்லை. கண்டுபிடித்துவிட்டாய். உன் அத்தான் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இன்னும் நான் கோபமாக இருப்பதாக நினைக்கிறார். சமாதானப்படுத்த டீயெல்லாம் போட்டுக் கொடுக்கிறார். அதனால் நானும் சொல்லவில்லை.

இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் யாரோ தூரத்தில் அரிசி புடைக்கிற மாதிரி எப்போதும் ஒரு சத்தம். இத்தனை வருஷம் உருளைக்குப் பக்கத்தில் நின்றதற்கு அது கொடுத்த பரிசு. திடீரென்று வந்தது இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, விருந்தாளி மாதிரி. இப்போது வீட்டையே எடுத்துக்கொண்டது.

ஒட்டகத்துக்கு மட்டும் தெரியும். அவள் வாயைத் திறக்கவே மாட்டாள். விட வேண்டும் என்றால் தாடையைத் தூக்குவாள், மடிக்க வேண்டும் என்றால் கண்ணைச் சிமிட்டுவாள். அவள் உயரத்துக்கு அது எனக்குக் கலங்கரை விளக்கம் மாதிரி தெரியும். அப்படியே சில வருஷம் ஓட்டினோம். எங்கள் ஜோடியில் ஒரு விரிப்பு தரையைப் பார்த்தது கிடையாது. யார் வேலைக்காரி, யார் மந்தம் என்று டை பிரித்துப் பார்த்தார் அல்லவா, பிரித்ததும் இரண்டு பேருமே மந்தமாகிவிட்டோம்.

ரயிலிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் காது கேட்காதவர்களை மெஷின் பக்கம் விடக்கூடாது என்று விதி இருக்கிறது. அபாய மணி கேட்காதாம். ரயில் நல்ல பெண், ஆனால் அவளுக்கும் ஒரு விளக்கு இருக்கிறதே. அதனால்தான் எல்லாரிடமும் பராக்குப் பார்க்கிறவள் என்று பேர் வாங்கிக்கொண்டேன். செவிடு என்பதைவிட அது கௌரவமாக இருந்தது.

உன் தள்ளுவண்டிக் கதை வந்ததிலிருந்து எனக்கு மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது. யாராவது போய்ப் பார்த்தால், ஒருத்தர் சொன்னால், சரியாகிறது என்று நீதான் எழுதினாய். ஒட்டகத்தைத் திரும்பக் கொடுத்தால் போதும், வேறு ஒன்றும் நான் கேட்கப் போவதில்லை. வருகிற திங்கட்கிழமை இல்லை, அதற்கடுத்த திங்கட்கிழமை டையிடம் சொல்லிவிடப் போகிறேன். ஜூன் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் தம்பியும் ஒரு சூப்பர்வைசர், அவனும் மனுஷன்தானே என்று நினைத்தால் கொஞ்சம் தைரியம் வருகிறது.

நத்தையைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீ எழுதவில்லை. அவருக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் வண்டிதான் எனக்கும் வழிகாட்டி என்று சொல்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. வேறு எந்த உறுப்பும் போகவில்லை, எண்ணிப் பார்த்துவிட்டேன்.

அக்கா


மே 22

அக்கா,

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை. சொல்லாதே. உன் மேனேஜரிடம் எதையும் சொல்லாதே.

நத்தை இல்லை. மார்ச் மாதமே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வண்டி மாற்றி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நீ எல்லாருக்கும் படித்துக் காட்டிய கடிதம் உனக்கு வந்து சேர்ந்தபோது அவர் இங்கே இல்லை.

யாரை அனுப்புவது என்று முன்பே முடிவு செய்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் பெரிய சாரிடம் ஓடினேன். "சார், அவர் மந்தம் இல்ல. வண்டிதான் சார் காரணம். இப்ப பாருங்க, எண்ணிக்கை எங்க போயிருக்குன்னு" என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கோபமே படவில்லை. "வண்டி மாத்தினா இவ்வளவு ஏறுதுன்னா, இத்தனை வருஷம் ஏன் அந்தாளு வாயைத் திறக்கல? தனக்கு என்ன வேணும்னு கேட்கத் தெரியாத ஆளு எப்படி நல்ல ஆளு?" என்றார்.

நான்தான் அவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "வண்டிக்கு ரொம்ப நன்றி சார். இந்த ரெண்டு வாரம் தோள் வலிக்காம இருந்துச்சு" என்றார். இதைத்தான் அக்கா உனக்கு எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்தேன், ஒவ்வொரு முறையும் குட்டியின் பல்லைப் பற்றி எழுதிவிட்டு எழுந்துவிட்டேன்.

அறிக்கையில் நீ சொன்னதையெல்லாம் எழுதியிருந்தேன். விசிறி, தண்ணீர், முகத்தைப் பார்ப்பது, எல்லாம். அதில் பாதியை அடித்துவிட்டு, "ஆளுங்க மனசுல உத்வேகம் குறைவு" என்று போடச் சொன்னார்கள். போட்டேன்.

உன் காதைப் பற்றித் தெரிந்தால் "இத்தனை வருஷம் ஏன் மறைச்சீங்க?" என்றுதான் கேட்பார்கள். சொல்லாதே. நான் சொன்னதைக் கேட்டு எதுவும் செய்யாதே.

தம்பி


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. என் கடிதம் கிடைத்ததா? போனில் அத்தான் "வேலைக்குப் போயிருக்கா" என்கிறார். எந்த வேலை என்று கேட்டால் "அதே ஆஸ்பத்திரி வேலைதான்" என்கிறார். அவருக்கு அதற்கு மேல் தெரியவில்லை. கேட்டுச் சொல்லவும் மாட்டேன் என்கிறார், நீ இன்னும் கோபமாக இருக்கிறாயாம்.

போன சனிக்கிழமை நத்தையின் வீட்டைத் தேடிப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. அவர் மனைவி கதவைத் திறந்தார். "இப்பதான் கண்ண மூடினாரு. வேலை போனதுலேர்ந்து பகல்லதான் தூக்கம் வருது" என்றார். எழுப்ப வேண்டாம் என்றேன். யார் என்று கேட்டார். கூட வேலை செய்தவன் என்றேன். தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் செருப்போடு நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கும் தூக்கம் சரியாக இல்லை. உன் உடம்பு எப்படி? ஒரு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.

தம்பி


ஜூலை 7

தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். உன் அத்தானும் நலம், சமாதான டீ இன்னும் வருகிறது. நீ தூங்கு. முதலில் தூங்கு, அப்புறம் இதைப் படி.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நான் திங்கட்கிழமையே சொல்லிவிட்டேன்.

டையின் அறையில் எப்போதும் ஓடாத விசிறி ஒன்று உண்டு, அன்றைக்குப் பார்த்து ஓடியது, கடகடவென்று. நான் என் காதைக் காட்டிச் சொன்னேன். ஒட்டகத்தைத் திரும்பக் கேட்டேன். அவர் பேச ஆரம்பித்தார். நல்ல மாதிரியாகத்தான் முகம் இருந்தது. ரொம்ப நேரம் பேசினார், கையை ஆட்டினார், ஒரு முறை டையைத் தளர்த்திக்கொண்டார். எனக்கு ஒரு எழுத்துக்கூட விழவில்லை. காது கேட்கவில்லை என்று சொல்ல வந்தவளிடம் அவ்வளவு நீளமாக யாராவது பேசுவார்களா? திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க வெட்கமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவர் கை குலுக்கினார். நானும் குலுக்கினேன். எனக்கு வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியாமலே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் வழக்கம்போலப் போய் நின்றேன். என் விளக்கு எரியவே இல்லை. பச்சை இல்லை, சிவப்பும் இல்லை. சரி, போயிற்று என்று பையை எடுத்தேன். ரயில் ஓடி வந்து என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். போகும் வழியெல்லாம் அழுதாள். ஏன் என்கிட்டே சொல்லவில்லை என்று கேட்டாள். அதை மட்டும் அவள் முகத்தைப் பார்த்தே படித்துவிட்டேன்.

அழுக்குத் துணி பிரிக்கிற இடத்துக்கு, ஒரு படி கீழே, என் சொந்த விருப்பத்தின் பேரில் மாறிக்கொள்வதாக நான் தலையாட்டியிருக்கிறேன். ஒட்டகம் அலுவலகத்தில் விசாரித்து, என் வலது காதில் வாய் வைத்துச் சொன்னாள். காது டாக்டரிடம் அனுப்பி வைப்பதாகவும் சொன்னாராம், அதற்கும் தலையாட்டினேனாம். அது இன்னும் வரவில்லை. இங்கே நாற்றம் தாங்காது. ரத்தம், மருந்து, இன்னும் என்னென்னவோ. வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தாலும் உன் அத்தான் கொஞ்சம் தள்ளித்தான் படுக்கிறார். ஆனால் விளக்கு இல்லை. எதிரே ஒட்டகம் இருக்கிறாள். மூக்கில் துணி கட்டியிருப்பதால் இங்கே யாருமே பேசுவதில்லை. எல்லாரும் கண்ணாலும் தாடையாலும்தான். இந்தக் கூடத்திலேயே வேகமான ஜோடி நாங்கள்தான். எண்ணிப் பார்க்க ஆளில்லை.

ஒரு மாதம் ஏன் எழுதவில்லை என்று கேட்டாய். கோபம். எனக்கு உன் மேல் கோபம் வராது என்று நினைத்திருந்தேன், வந்தது. வேலைக்காக இல்லை. சொல் என்று நீ சொன்னதற்காகவும் இல்லை, நீ நல்லதை நினைத்துத்தான் சொன்னாய். நான் வணக்கம் சொல்லச் சொல்லச் சொல்ல, நீ பேசாமல் இருந்தாயே, அதற்குத்தான். இல்லாத ஆளுக்கு நான் வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அழுக்குத் துணி பிரிக்கும்போதெல்லாம் அதையே நினைத்தேன். அப்புறம் ஒரு நாள், பல்லைப் பற்றி எழுதிவிட்டு எழுந்துபோகிற உன்னையும் நினைத்தேன். கோபம் போய்விட்டது. களைப்பு மட்டும் இருக்கிறது, அது எல்லாருக்கும் இருப்பதுதான்.

மறுபடி அவர் வீட்டுக்குப் போ. இந்த முறை தூங்கினாலும் காத்திரு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார். கூட வேலை செய்தவன் என்று சொல்லாதே, சூப்பர்வைசர் என்றே சொல். அவர் எழுந்ததும் நான் அனுப்பிய வணக்கத்தைச் சொல். நீயே சொல்ல வேண்டும், எழுதிக் கொடுத்துவிட்டு வரக்கூடாது.

குட்டிக்கு இன்னும் எத்தனை பல் ஆடுகிறது?

இங்கே ஒரு சின்ன விஷயம். செவ்வாய்க்கிழமை ஒரு தலையணை உறைக்குள்ளிருந்து பல்செட் ஒன்று வந்தது, மேல்வரிசை. வார்டில் கொடுத்துவிடலாம் என்று என் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஷிஃப்ட் முடிந்ததும் மேலங்கியைக் கழற்றி வெளுக்கப் போட்டுவிட்டேன். சாயங்காலம் பெரிய மெஷின் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து திறந்தார். டையும் வந்து பார்த்தார். பல்செட் நல்ல வெள்ளையாக இருந்தது. அதற்குரிய பெரியவரைக் காலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

அக்கா